ராம் 2500, ராம் 3500: இரண்டிலும் டிரெய்லர் இழுத்த அனுபவம்

பெரிய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எவ்வளவு இழுக்கும்?" என்றுதான். விளம்பரத்திலும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். டெக்சஸில் ராம் என்ற அமெரிக்க பிராண்டின் 2500, 3500 இரண்டு பிக்கப்புகளையும் வருடக்கணக்கில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை ஒரு ஓரமாக வையுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அது அந்த மாடலுக்கே பொதுவான கணக்கு இல்லை, நீங்கள் வாங்கும் அந்த ஒரு வண்டிக்கானது.

கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் எஞ்சின் உள்ள என் 2500இல் அது சுமார் 2,100 பவுண்டு. இவ்வளவு பெரிய வண்டிக்கு இது குறைச்சலாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வண்டிகளை, அவற்றின் எடையும் ஏற்றும் சுமையும் சேர்ந்த உச்ச மொத்த எடையை வைத்து வகை பிரிக்கிறார்கள்: 10,000 பவுண்டு வரை கிளாஸ் 2பி; அதற்கு மேல் 14,000 வரை கிளாஸ் 3. அந்த 10,000 எல்லையைத் தாண்டினால் பல மாநிலங்களில் பதிவுக் கட்டணம் கூடும். மாநிலம் விட்டு மாநிலம் தொழிலுக்கு ஓட்டினால் லாரிகளுக்கான மத்திய விதிகளும் வந்து சேரும். அதனால் இந்த ரக வண்டிகள் பலவற்றை 10,000க்குள்ளேயே நிறுத்திவிடுகிறார்கள். டீசல் எஞ்சினோ நல்ல கனம். அந்தக் கனமும் இதே 10,000க்குள் அடங்க வேண்டும் என்பதால், ஏற்றும் சுமையில்தான் கை வைக்கிறது. அதே 2500ஐ பெட்ரோல் எஞ்சினோடு எடுத்தால் பல நூறு பவுண்டு கூடுதலாக ஏற்றலாம். ஷோரூமில் இதை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

பம்பரில் மாட்டும் சின்ன டிரெய்லர் வைத்திருந்த வரை 2500 எனக்குத் தாராளமாகப் போதும். அதன் எடையில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் வண்டியின் மேல் இறங்கும். பம்பரில் இல்லாமல் பிக்கப்பின் பின் தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகைக்கு மாறியபோது கணக்கே வேறு. 12,000 பவுண்டு டிரெய்லர் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,400, நேராகப் பின் அச்சின் மேல் வந்து உட்காரும். டிரெய்லரை மாட்டும் ஹிட்ச், நான்கு பேர், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்தால் 3,000ஐத் தாண்டும். இழுக்கும் திறன் கணக்கில் 2500க்கு இது ஜுஜுபி. ஸ்டிக்கர் கணக்கில் கட்டுப்படியாகாது.

சரி, 3500க்குப் போனேன், பின்னால் ஒற்றைச் சக்கரம்தான். ஸ்டிக்கரில் கிட்டத்தட்ட 4,000. லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடை மேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாகச் சீட்டு தருவார்கள். வாங்கிய புதிதில் ஒருமுறை முழுச் சுமையோடு ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் ஏழு சதவீத ஏற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, எஞ்சின் ஒன்றுதானே. இறக்கத்தில், புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் ஒரே மாதிரிதான் பிடிக்கிறது. வித்தியாசம் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதில் இருக்கிறது. சுமை ஏற்றியும் 3500இன் பின்பக்கம் அமுங்குவதில்லை, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதில்லை.

காலியாக ஓட்டும்போதுதான் 2500ஐ நினைத்து ஏங்குவேன். அதில் பின்னால் காயில் ஸ்பிரிங், இதில் லீஃப் ஸ்பிரிங். கான்கிரீட் சாலையின் ஒவ்வொரு இணைப்பிலும் தூக்கிப் போடும். பின் சீட்டில் அம்மாவை உட்கார வைத்தால் திட்டு நிச்சயம். மைலேஜ் காலியாக கேலனுக்கு 18, டிரெய்லரோடு 10. இதை ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்த எடை 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட பிக்கப்புகளுக்கு மைலேஜ் ஸ்டிக்கர் கட்டாயமில்லை.

பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூயலியை நண்பர் வைத்திருக்கிறார். பக்கக்காற்றில் அசையாது, அது உண்மை. ஆனால் அகலம் எட்டு அடி, டயர் மாற்றினால் ஆறு, பல தானியங்கி கார் வாஷ்களில் உள்ளேயே விடமாட்டார்கள். 15,000 பவுண்டுக்கு மேல் இழுக்காதவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.