‘ஃபுல் ஓவர்ஹால்’ செய்த சாக்ஸபோன் வாங்கப் போகிறீர்களா?

பழைய சாக்ஸபோன் ஒன்றை வாங்கிவிட்டு, அது கீச்சென்று கத்தும்போதெல்லாம் ‘நமக்குத்தான் ஊத வரவில்லை’ என்று நொந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல நேரம் கோளாறு கருவியில்தான் இருக்கும். விற்றவருக்கும் அது தெரிந்திருக்கும்.

என் மகன் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் சர்ச் குவயருக்காக சாக்ஸபோன் கற்க ஆசைப்பட்டான். மதுரையில் ஒரு கடையில் 34,000 ரூபாய்க்கு ஆல்டோ வகை சாக்ஸபோன் ஒன்று கிடைத்தது. “ஃபுல் ஓவர்ஹால் சார், பேட் எல்லாம் புதுசு” என்றார் கடைக்காரர். பேட் என்பது கருவியின் துளைகளை மூடும் தோல் மெத்தை. கர்நாடக சங்கீதத்தை சாக்ஸபோனில் வாசித்துப் புகழ்பெற்ற கத்ரி கோபால்நாத் பெயரையும் இழுத்தார். சாக்ஸபோன் விற்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டால்தான் ஆச்சரியம்.

வாசித்தும் காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் விரல்கள் பி, ஏ, ஜி என்று இடது கை ஸ்வரங்களைச் சுற்றியே ஓடின. வலது கைப் பக்கம் இறங்கவே இல்லை. சாக்ஸபோனில் கீழே இறங்க இறங்க மூட வேண்டிய துளைகள் கூடும். மேலே ஏதாவது ஒரு பேட் முடியளவு காற்றை விட்டாலும் கீழ் டி, சி எல்லாம் வராது, அல்லது ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே எகிறிக் கத்தும். ஆகவே கோளாறுள்ள கருவியை விற்கிறவர் மேலேயே சுற்றுவார். நீங்கள் வாங்கும்போது, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் கருவியின் ஆகக் கீழ் ஸ்வரமான அடி பி-ஃபிளாட் வரை மெதுவாக, சன்னமாக ஊதிக் காட்டச் சொல்லுங்கள். பலமாக ஊதினால் சின்னக் கசிவு மறைந்துபோகும், சன்னமாக ஊதினால் மறையாது.

வீட்டில் வந்து ஊதினால் ஜி வரை பரவாயில்லை, அதற்குக் கீழே ஒரே கீச்சு. கடைக்குப் போனோம். “தம்பிக்கு உதடு இன்னும் பழகல சார், கொஞ்சம் கெட்டி ரீட் போட்டா சரியாயிடும்” என்று 3-ஆம் நம்பர் ரீட் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொடுத்தார்கள். ரீட் என்பது மௌத்பீஸில், அதாவது வாயில் வைத்து ஊதும் முனையில், மாட்டி அதிரவைக்கும் மெல்லிய நாணல் பட்டை; நம்பர் கூடக் கூட கெட்டி. தொடங்குகிறவர்களுக்கு 1½, 2, மிஞ்சினால் 2½ போதும் என்பது ஆல்டோ கற்றுத்தருகிற எல்லோருக்கும் தெரியும். கெட்டி ரீட் அதிரவில்லை என்று பையன் கடிக்க ஆரம்பித்தான். கடிக்கக் கடிக்கச் சத்தம் மெலிந்து, சுருதியும் மேலே ஏறியது. அடுத்து, “கூட வந்த மௌத்பீஸ் சாதாரணம் சார்” என்று 7,500 ரூபாய்க்கு அகலமான வாயுள்ள மெட்டல் மௌத்பீஸ். பழகியவர்களுக்கே அதை அடக்க மூச்சு வேண்டும். யமஹா தன் ஆல்டோவோடு தருகிற 4சி போன்ற சாதாரண மௌத்பீஸில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குகிறார்கள். இதற்கு நடுவே அதே கடையின் வகுப்பில் மாதச் சந்தா வேறு. அங்கேயும் பதில் ஒன்றுதான்: “பிராக்டிஸ் பண்ணு தம்பி.”

பையன் கருவியைத் தொடுவதையே விட்டுவிட்டான். பணத்தைவிட எனக்கு எரிச்சல் அதில்தான்.

கடைசியில் கல்யாண பேண்ட் செட்டில் வாசித்து ஓய்ந்த ஒரு மாஸ்டர் வீட்டிலேயே ரிப்பேர் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவர் ஊதிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, மெல்லிய எல்.இ.டி. விளக்குச் சரம் ஒன்றைக் குழலுக்குள் இறக்கினார். பேட்களை அசைக்கும் சாவிகளை ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்தினார். ஜி-ஷார்ப் பேட்டின் ஓரத்தில் பிறை மாதிரி வெளிச்சம். எஃப் பேட்டில் இன்னொன்று. “இதுல தம்பி எப்படி டி ஊதுவான்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அப்புறம் கழுத்து, அதாவது மௌத்பீஸ் மாட்டும் வளைந்த மேல்குழாய். ஜி பிடித்துக்கொண்டு கட்டை விரலால் ஆக்டேவ் சாவியை அழுத்தினால், கழுத்தின் மேலிருக்கும் சிறிய பேட் அசையக் கூடாது. ஏ-வுக்கும் அதற்கு மேலும்தான் அது திறக்க வேண்டும். எங்கள் கருவியில் அழுத்துவதற்கு முன்பே லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. யாரோ கழுத்தை மாட்டும்போது அந்தச் சாவியோடு சேர்த்துப் பிடித்துத் திருகியிருக்கிறார்கள், வளைந்துவிட்டது. மாஸ்டர் விரலாலேயே அழுத்திச் சரிசெய்தார். பாதிக் கீச்சு அங்கேயே போய்விட்டது.

‘புதுப் பேட்’ கதைக்கு வருகிறேன். ஈரத் துணியால் ஒரு பேட்டைத் துடைத்தார், துணியில் செருப்புப் பாலிஷ் போலப் பழுப்புச் சாயம் ஒட்டியது. அடியில் காய்ந்து விறைத்துப்போன தோல், துளை விளிம்பு பதிந்த ஆழமான பள்ளத்தோடு. ஓவர்ஹால் என்றால் சாவிகளையெல்லாம் கழற்றி, பேட், கார்க் மாற்றி, ஸ்பிரிங் பார்த்து, ஒவ்வொரு பேட்டும் துளைமேல் சமமாக உட்கார வைக்க வேண்டும். இங்கே கழுத்துக் கார்க்கை மாற்றி, மேலே பளபளப்பு ஏற்றியதோடு சரி.

விளக்கு இல்லாதவர்கள் சிகரெட் தாளை மெல்லிய கீற்றாக வெட்டிக்கொள்ளுங்கள். பேட்டுக்கும் துளைக்கும் நடுவே வைத்து, சாவியை லேசாக மூடி இழுங்கள். சுற்றிலும் எங்கே வைத்து இழுத்தாலும் தாள் ஒரே மாதிரி பிடிப்போடு வர வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு அங்கேதான்.

பையன் பக்கமும் சில விஷயங்கள் இருந்தன, அதையும் மாஸ்டர் விடவில்லை. ரீட்டின் நுனி மௌத்பீஸ் நுனியோடு சமமாக, மேலே மௌத்பீஸின் கறுப்பு ஒரு முடியளவு தெரிகிற மாதிரி உட்கார வேண்டும், கோணலாக இருந்தால் கீச்சிடும். காய்ந்து நெளிந்த ரீட்டை வாயில் வைத்து நனைத்த பிறகே மாட்ட வேண்டும், நுனி சிதைந்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். நாதஸ்வரக்காரர்கள் சீவாளிக்குப் பார்க்கிற பக்குவத்தை இதற்கும் பார்க்கச் சொன்னார். இடது உள்ளங்கையை ஒட்டி இருக்கும் பாம் (palm) சாவிகளில் தெரியாமல் பட்டாலும் சத்தம் எகிறும். இவன் கை சின்னது, அடிக்கடி பட்டுக்கொண்டிருந்தது.

கடிக்கிறோமா என்று அறிய ஒரு வழி சொன்னார். ஆல்டோ மௌத்பீஸை மட்டும் தனியாக ஊதினால், சுருதி காட்டும் ட்யூனர் செயலியில் ஏ அல்லது அதை ஒட்டி வர வேண்டும். அதைத் தாண்டி நன்றாக மேலே போனால் தாடை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். மேல் பல் மௌத்பீஸின் மேல் நிற்கட்டும், கீழுதடு கீழ்ப்பல்லை மூடி மெத்தையாக இருக்கட்டும், மூச்சு மட்டும் வேகமாகப் போகட்டும் என்றார். இப்போது 2-ஆம் நம்பர் ரீட், பழைய மௌத்பீஸ், தினமும் கொஞ்ச நேரம் நீளமாக ஒரே ஸ்வரம். கீழ் சி தாராளமாக வருகிறது.

பேட்கள் மாற்றி எல்லாம் சரிசெய்ய 6,500 ரூபாய் ஆனது. கடையில் கேட்டால், “செகண்ட்ஹேண்ட் பொருளுக்கு கேரண்டி இல்ல சார், பில்லிலேயே போட்டிருக்கு” என்கிறார்கள். போட்டிருக்கிறதுதான். ஓவர்ஹால் என்ற சொல் பில்லில் இல்லை, விலை அட்டையில் மட்டும் இருந்தது. நல்லவேளை, மகன் அன்று கருவியோடு எடுத்துக்கொண்ட செல்ஃபியில் அந்த அட்டை தெளிவாக விழுந்திருக்கிறது. நீங்கள் வாங்கினால், என்னென்ன வேலை பார்த்தார்கள் என்பதை பில்லில் கையால் எழுதி முத்திரை போட்டு வாங்குங்கள். எழுத மறுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, அதனால் தேவைப்பட்டால் அங்கேயும் போவேன். மெட்டல் மௌத்பீஸை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வதாக நேற்று கடையிலிருந்து போன் வந்தது. ரிப்பேர் காசைப் பற்றி இன்னும் பேச்சில்லை. வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.