பனியில் சாய்ந்த சீடர் மரங்களை நிமிர்த்தித் தருவதாக வீடு தேடி வருபவர்கள் குறித்து

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் பின்வேலியாக நிற்கும் 11 சீடர் (cedar) என்ற பசுமைமாறா மரங்களும் முன்முற்றத்து நீல ஸ்புரூஸ் (spruce) என்ற ஊசியிலை மரமும் நாங்கள் குடிவந்தபோதே 14 அடியைத் தாண்டியிருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெப்ரவரி மாதத்து இரவொன்றில் கொட்டிய ஈரப்பனியின் பாரத்தால் நான்கு சீடர்கள் கட்டு அவிழ்ந்த விளக்குமாறு போல நாற்புறமும் விரிந்துவிட்டன. ஸ்புரூஸின் உச்சிக்குருத்து முறிந்து தொங்கியது.

மூன்றாம் நாள் காலையில் ஏணியும் வாளும் ஏற்றிய வாகனத்தில் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். "யோசிக்காதேங்கோ அண்ணை, வெட்டிவிட்டால் கோடைக்குள்ள குருத்து வந்திடும்" என்று அவர் நம் தமிழில் சொன்னதும், வேற்றாளிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எதையும் நான் கேட்கவில்லை. கூலி 1,400 டொலர், காசாக, பாதி முன்பணமாக. எழுத்தில் எதுவும் தரவில்லை. ஒன்ராறியோவில் வீட்டு வாசலில் செய்யப்படும் இத்தகைய ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. கடுங்குளிரில் மரத்தண்டுகள் விறைத்திருந்தபோதே அவற்றை இழுத்துச் சேர்த்தார். ஒன்று 'படக்' என்று பிளந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. பிறகு மெல்லிய இரும்புக்கம்பியால் இறுக்கிக் கட்டி, தலைகளைச் சமமாகச் சீவி, விரிந்த பக்கங்களைப் பழுப்பு நிறத் தடி தெரியும் வரை வெட்டினார். ஸ்புரூஸின் முறிந்த குருத்தோடு நிறுத்தாமல், அதற்குக் கீழே மேலும் ஒன்றரை மீற்றரைத் தட்டையாக அறுத்தார்.

கோடை வந்தது, குருத்து வரவில்லை. நான் அழைத்துவந்த, சான்றிதழ் பெற்ற மரப் பராமரிப்பாளர் சொன்ன காரணம் எளிமையானது. சீடரின் உயிருள்ள பச்சை வெளிப்புறத்தில் மட்டுமே இருக்கிறது. உள்ளே இலையற்றுப் போன பழைய தடியிலிருந்து அது பொதுவாக மீண்டும் துளிர்ப்பதில்லை. யூ (yew) என்ற இன்னொரு பசுமைமாறா மரமாக இருந்திருந்தால் பழைய தடியிலும் துளிர்த்திருக்கும். விரிந்த சீடருக்குப் பெரும்பாலும் வெட்டே தேவையில்லை: பனி உருகித் தண்டுகள் இளகும் வரை பொறுத்திருந்து, அவற்றை மெதுவாக ஒன்றுசேர்த்து, உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவில் அகலமான மென்மையான பட்டியால் கட்டி, ஆண்டுதோறும் தளர்த்திப் பார்த்துவந்தால் போதும். ஸ்புரூஸுக்கும் முறிந்த இடத்தை மட்டும் சுத்தமாக வெட்டி, அருகிலுள்ள பக்கக் கிளை ஒன்றைக் குச்சியோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டியிருந்தால், சில ஆண்டுகளில் அதுவே புதிய உச்சியாகியிருக்கும். 2013 டிசம்பர் உறைமழையின்போதும் இதே சீடர்கள் தரை தொட வளைந்து, கைபடாமலே நிமிர்ந்தவை என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ரொறன்ரோவில், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்டிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள தனியார் மரத்திற்கு ஊறு விளைவிக்க நகரசபையின் அனுமதி வேண்டும். எங்கள் ஸ்புரூஸ் 34 சென்டிமீற்றர். உச்சியை அறுத்தவர் காசோடு போய்விட்டார். பதில் சொல்லவேண்டிய உரிமையாளனாக நான்தான் மிஞ்சினேன். ஆகவே எவரையும் மரத்தில் ஏற்றுவதற்கு முன் அவருடைய சான்றிதழ் எண்ணையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கேளுங்கள். "உச்சியைச் சீவிவிடலாம்" என்பதே அவர் வாயில் வரும் முதல் யோசனையாக இருந்தால் அனுப்பிவிடுங்கள். எங்கள் மரங்களை வெட்டியவரின் தொலைபேசி இப்போது இயங்குவதில்லை.

சென்ற மாதம் கம்பிகளை அகற்றினோம். மூன்று மரங்களில் அவை கழன்று வந்தன. நான்காவதில் பட்டை கம்பியின் மேலாக மூடி வளர்ந்துவிட்டதால், வெளியே தெரிந்த இரு முனைகளையும் நறுக்கிவிட்டு, நடுத்துண்டை மரத்துக்குள்ளேயே விட்டிருக்கிறோம்.