அடிமை வரலாறு படித்தவருக்கு வகுப்பறையா, அருங்காட்சியகமா?

நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்த ஆண்டில் என் முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் இரண்டாண்டு விரிவுரையாளர் பணி. மற்றொன்று, துறைமுக நகரம் ஒன்றின் அருங்காட்சியகத்தில், அடிமைமுறை பற்றிய கூடத்துக்கு ஆய்வாளர் பணி. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றிய மனிதர்களைப் பற்றியது என் ஆய்வு. இரண்டு இடத்துக்கும் அது பொருந்தியது. நான் அருங்காட்சியகத்துக்குப் போனேன். இப்போது ஐந்தாவது ஆண்டு நடக்கிறது. வரலாறு படிக்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து அவ்வப்போது எழுதிக் கேட்கிறார்கள்: "அக்கா, எந்தப் பக்கம் போவது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களைச் சேர்த்து இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். என் சாய்வு அருங்காட்சியகத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பல்கலைக்கழகச் சம்பளம் சற்றுக் கூடுதல். கோடை விடுமுறையில் ஆவணக்காப்பகத்தில் உட்காரலாம். அருங்காட்சியகத்தில் சனி, ஞாயிறுதான் கூட்டம் வரும், நாமும் அங்கே இருக்க வேண்டும். வாடகை இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் கடிக்கும். பேராசிரியர் என்ற பட்டத்துக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை வேறு எந்தப் பட்டத்துக்கும் கிடைக்காது. இதையெல்லாம் வைத்து முடிவெடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பணி நிரந்தரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வு என்பதே பெரும்பாலும் சம்பளம் வாங்கும் வேலை. பொதுவாக நான்கு ஆண்டு. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. தற்காலிக ஒப்பந்தங்களை நீட்டிக்கொண்டே போகச் சட்டம் விடாது. எல்லை வந்தால் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையேல் அனுப்ப வேண்டும். அனுப்புவதே அதிகம். வெனி என்ற இளம் ஆய்வாளர் நல்கைக்குப் பட்டம் பெற்ற மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், போட்டி மிகக் கடுமை. வெளிநாட்டவருக்குப் படிப்பு முடிந்தபின் வேலை தேட ஓராண்டு தங்கும் அனுமதி உண்டு. அந்த ஓராண்டு ஓடும் வேகம் அனுபவித்தவருக்குத்தான் தெரியும். அருங்காட்சியகத்தில் மட்டும் பாதுகாப்பு இருக்கிறதா என்றால், இல்லை. அங்கே கண்காட்சிக்குப் பணம் வந்தால் வேலை வரும், கண்காட்சி முடிந்தால் வேலையும் முடியலாம். இந்த இடத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதே என் கணிப்பு.

ஆனால் காலம் என்று ஒன்று இருக்கிறது. 2021இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் பத்து மனிதர்களின் வாழ்க்கை வழியே அடிமைமுறையைச் சொல்லும் பெரிய கண்காட்சி நடத்தியது. 2022 டிசம்பர் 19 அன்று அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே அடிமைமுறைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவர் அதற்காக நின்ற இடம் ஹேக் நகரின் தேசிய ஆவணக்காப்பகம். நாகப்பட்டினத்திலிருந்து கம்பெனிக்குப் போன கடிதங்கள் இருக்கும் அதே காப்பகம்தான். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று அரசரும் மன்னிப்புக் கேட்டார். அது டச்சுக் குடியேற்றங்களான தென்னமெரிக்காவின் சூரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் 1863இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட நாள். ஒழிப்புக்குப் பின்னரும் சூரினாம் மக்களைப் பத்தாண்டு அரசின் மேற்பார்வையில் தோட்டங்களிலேயே வேலை செய்ய வைத்தார்கள். இந்தச் சில ஆண்டுகளில் அடிமைமுறையைப் பொதுமக்களுக்குச் சொல்லும் வேலைக்கு இங்கே பணமும் கவனமும் வந்தன. அந்தக் காற்று வீசியபோது நான் உள்ளே வந்தேன். காற்று திரும்பினால் என்ன ஆகும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஆகவே என் அனுபவத்தை அந்த அளவுக்குக் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கவனத்திலும் பெரும்பங்கு அட்லாண்டிக் பக்கம்தான். இந்தியப் பெருங்கடலிலும் கம்பெனி மனிதர்களை விற்றது என்றால், பார்வையாளர்களில் பலர் இன்றும் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். 1658இல் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டே தஞ்சை நாட்டில் போரும் பஞ்சமும். 1659 முதல் 1661 வரை சுமார் 8,000 முதல் 10,000 பேர் வரை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்கள் அதில் உண்டு. காவிரிக் கரையில் பிறந்த எனக்கு இதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

இந்த மூன்று ஆண்டுகளைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. கடிதம், கணக்கு, கப்பல் பட்டியல், மறுபடியும் கடிதம். இந்த வகை நேரத்தைத் தருவது பல்கலைக்கழகம் மட்டும்தான். ஒரே பேரேட்டை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் உட்கார்ந்தாலும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அருங்காட்சியகத்தில் எனக்குக் காப்பகத்துக்கு வெள்ளிக்கிழமைகள் மட்டுமே. அதிலும் பாதி கூட்டங்களில் போய்விடும். நீண்ட வாதத்தை நூலாகக் கட்டுவதுதான் உங்கள் ஆசை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, பல்கலைக்கழகத்துக்கே போங்கள்.

என் முடிவை நிர்ணயித்த காரணம் வேறு. நாம் எழுதுவதற்கு யார் முன்னால் நின்று பதில் சொல்கிறோம் என்பதுதான் அது.

நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியின் ஆவணங்களில் அடிமையாக்கப்பட்டவர்களின் பெயருக்குப் பின்னால் ஓர் ஊரோ கரையோ ஒட்டிக்கொண்டிருக்கும். 'ஃபான் பெங்காலன்' என்றால் வங்காளத்திலிருந்து. 'ஃபான் பாலியகட்டா' என்றால் நம் பழவேற்காட்டிலிருந்து. 'ஃபான் டெ குஸ்ட்' என்றால் கரையிலிருந்து. கீழைக் கடலில் அவர்கள் வெறுமனே கரை என்று சொன்னால் பெரும்பாலும் அது நம் சோழமண்டலக் கரை. கம்பெனியின் குடியேற்றமாக இருந்த தென்னாப்பிரிக்காவின் கேப் நகர ஆவணங்களில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய. எங்கள் கூடத்தில் அந்த வகை விற்பனைப் பத்திரம் ஒன்றின் படி இருந்தது. அதற்கு நான் எழுதிய விளக்க அட்டை, விற்கப்பட்ட பெண்ணை 'சோழமண்டலக் கரையில் பிறந்தவர்' என்றது.

கேப் நகரிலிருந்து வந்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் அந்த அட்டை முன்னால் வெகுநேரம் நின்றார். கையில் பிளாஸ்டிக் உறையில் தன் குடும்ப ஆவணம் ஒன்றின் நகல். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "பிறந்தவர் என்று எப்படித் தெரியும்? கப்பலேறிய இடமாக இருக்கலாமே?"

ஆய்வாளர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. உள்நாட்டில் எங்கோ பிறந்து, நடத்திக் கூட்டிவரப்பட்டு, ஏதோ ஒரு துறைமுகத்தில் கைமாறியவர்களுக்கு அந்தத் துறைமுகமே ஊர்ப்பெயராகி இருக்கலாம். என் ஆய்வேட்டில் அதை அடிக்குறிப்பாக எழுதியும் இருந்தேன். எழுதிவிட்டு, அதே ஏட்டின் அட்டவணையில் அத்தனை பேரையும் பிறப்பிடம் என்ற தலைப்பின் கீழ் கணக்கிட்டிருந்தேன். தேர்வுக்குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. அடிக்குறிப்பு இருக்கிறதே, அது போதும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும், எனக்கும் தோன்றியது. அந்த அம்மையாருக்கு அது போதவில்லை. தன் பாட்டியின் பாட்டிக்குத் தாய் எங்கே பிறந்தார் என்பதை அடிக்குறிப்பில் தள்ள அவரால் முடியாது.

மூன்று வாரத்தில் அட்டையை மாற்றினோம். இப்போது அதில் இருப்பது: 'சோழமண்டலக் கரையின் துறைமுகம் ஒன்றில் கப்பலேற்றப்பட்டவர். பிறந்த ஊர் ஆவணத்தில் இல்லை.' ஆய்வேட்டின் அட்டவணை இன்றும் பழையபடிதான் நூலகத்தில் இருக்கிறது.

அவர் கேட்ட இரண்டாவது கேள்வி, அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் என்ன என்பது. பத்திரத்தில் இருந்தது உரிமையாளர் வைத்த ஐரோப்பியப் பெயர். அதை அழித்துவிட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் அன்று முதல் நான் பட்டியல்களைப் படிக்கும் விதம் மாறியது. டச்சு மொழியில் ஓ, ஈ என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்தால் 'உ' என்ற ஒலி. ஒரு பட்டியலில் எழுத்துக்கூட்டினால் 'மோயெட்டோயெ' என்று தோன்றும் பெயர் ஒன்று வரும். டச்சுக்காரர் அதை 'முட்டு' என்று வாசிப்பார். தமிழ்க் காது உள்ளவருக்கு அது முத்து. எழுத்தர் காதால் கேட்டதைக் கையால் எழுதியிருக்கிறார். சொன்னவர் தன் பெயரைத் தானே சொல்லியிருக்கிறார். முன்பும் இந்தப் பெயர்களை நான் பார்த்ததுண்டு, எண்ணிக்கையில் ஒன்று கூட்டிவிட்டுக் கடந்ததுண்டு.

ஓர் அட்டைக்கு எங்களுக்கு அறுபது சொல். அந்த அறுபதில் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். இங்கே 'அடிமை' என்ற பழைய டச்சுச் சொல்லுக்குப் பதில் 'அடிமையாக்கப்பட்டவர்' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. தமிழில் சிறு துண்டறிக்கை ஒன்று எழுதியபோது எனக்கு வேறு இடத்தில் இடித்தது. அடியேன், அடியார், அடிமை எல்லாம் நம் பக்தி இலக்கியத்தில் பெருமையோடு வரும் சொற்கள். அதே வேரைச் சந்தையில் விற்கப்பட்ட பெண்ணுக்கும் வைப்பதா? கடைசியில் 'விலைக்கு விற்கப்பட்டவர்' என்று எழுதினேன். இரண்டு நாள் அந்த ஒரு சொல்லுக்குப் போனது. ஆய்விதழுக்கு எழுதும்போது எந்தச் சொல்லுக்கும் நான் இரண்டு நாள் கொடுத்ததில்லை.

பதில் சொல்லும் கடமைக்கு விலையும் உண்டு. 2003இல் கேப் நகரில் பிரெஸ்ட்விச் தெருவில் கட்டடம் கட்டத் தோண்டியபோது பெரிய இடுகாடு வெளிப்பட்டது. நகரின் ஏழைகளும் அடிமையாக்கப்பட்டவர்களுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். அறிவியல் ஆய்வு செய்தால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன உண்டார்கள் என்பதெல்லாம் தெரியவரும் என்றனர் ஆய்வாளர்கள். எங்கள் முன்னோரை மறுபடியும் பொருளாக ஆக்காதீர்கள் என்று நகர மக்கள் பலர் எதிர்த்தனர். எலும்புகள் இன்று அதற்கென்று கட்டிய நினைவகத்தில் இருக்கின்றன. ஆய்வாளராக எனக்கு அது இழப்பு. இருந்தாலும் அந்த மக்களின் பக்கமே நிற்பேன். அந்த இழப்பைத் தாங்க முடியாதவர்கள் பொதுவெளி வரலாற்றுக்கு வந்தால் நாள்தோறும் சண்டைதான்.

வேறு குறைகளும் இருக்கின்றன. அட்டையில் நம் பெயர் இருக்காது. வாக்கியம் ஐந்து பேர் கைபட்டு வரும்போது கூர் மழுங்கியிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை திரும்பும் வழி. பல்கலைக்கழகத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு வரலாம். எதிர்த்திசையில் போவது கடினம். கண்காட்சி எத்தனை லட்சம் பேர் பார்த்ததாக இருந்தாலும் நேர்காணலில் கட்டுரைப் பட்டியலைத்தான் எண்ணுவார்கள். வெனிக்கான மூன்றாண்டு எனக்குக் கடந்துவிட்டது. அருங்காட்சியகங்களின் ஆதரவில் வாரம் ஒரு நாள் பேராசிரியராக இருக்கும் பதவிகள் இந்த நாட்டில் உண்டு. அவை பெரும்பாலும் துறையில் பெயர் பெற்றபின் வருபவை. ஆகவே இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் ஆய்வேட்டை நூலாக்கிவிட்டு வாருங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. அட்டவணையைத் திருத்தி அச்சிடும் வாய்ப்பும் அதனால்தான் தள்ளிப்போகிறது.

இன்னொரு வகையினருக்கும் பல்கலைக்கழகமே வழி. கடல் கடந்த வணிகத்தை விட்டுவிட்டு, தமிழகத்தின் உள்ளேயே இருந்த ஆள் அடிமை முறையை, தஞ்சைப் பண்ணையாள் முறையை ஆராய விரும்புபவர்கள் அவர்கள். 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. வயலில் என்ன மாறியது என்பது வேறு கதை. கல்வெட்டு, ஓலை, வருவாய்த் துறைக் கோப்பு என்று சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. அதற்கு நீண்ட நேரமும் நல்ல நெறியாளரும் வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் வாழ்க்கை உள்ளிருந்து எப்படி இருக்கும் என்பதை, அதை வாழ்ந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஆய்வு மாணவியாக வாசலில் நின்று பார்த்ததோடு சரி.

எந்தப் பக்கம் போனாலும் பழைய டச்சுக் கையெழுத்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஆசிய மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்த நீண்ட மரபு உண்டு. ஹேக் காப்பகத்தின் கம்பெனி ஆவணங்களை இணையத்திலேயே பார்க்கலாம். 2022இல் தொடங்கிய குளோபலைஸ் திட்டம் ஏறக்குறைய 50 லட்சம் பக்கங்களைக் கணினியால் படிக்கவைத்துத் தேடக்கூடியதாக ஆக்கும் வேலையில் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் ஆவணக்காப்பகத்திலேயே டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. நாகப்பட்டினக் கடிதம் ஒன்றை இணையத்தில் திறந்து, ஒரு பக்கத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். முதல் பக்கத்துக்கு எனக்கு நான்கு நாள் ஆனது.