கொறங்காட்டில் மெட்டல் டிடெக்டர்: இரண்டு மாத அனுபவம்

மாசிக் கடைசியில் ஆன்லைனில் 11,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கொறங்காட்டுக்குள் (மாடு மேய்க்கும் மேய்ச்சல் காடு) அப்பாரு காலத்தில் வண்டித்தடம் போயிருக்கிறது. காசு விழாமலா இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு. சித்திரை பிறப்பதற்குள் கொழுக்கட்டைப் புல்லை மாடுகள் கரம்பிவிடும். மெஷினின் தட்டைத் தரையோடு ஒட்டி வீச அப்போதுதான் தோது.

முதல் நாள் காலையில் மட்டும் 17 தடவை கத்தியது. தோண்டினால் அத்தனையும் லாடம், லாட ஆணி. காளைக்குப் பேர்போன சீமையில் வேறென்ன கிடைக்கும்! இரும்பை ஒதுக்க ஒரு திருகு இருக்கிறது. முழுக்கத் திருகினால் ஆணியோடு சேர்ந்து பக்கத்தில் கிடக்கும் காசும் அடங்கிப்போகும். நான் பாதியில் நிறுத்திக்கொள்கிறேன்.

பெரிய குறை, செம்மண்ணுக்குத் தகுந்தபடி சரிசெய்யும் வசதி இதில் இல்லை. மண்ணிலேயே இரும்பு இருப்பதால் வெறுந்தரைக்கும் கத்துகிறது. சத்தத்தைக் குறைத்தால் ஆழமும் குறைகிறது. விளம்பரத்தில் 10 அங்குலம் என்றார்கள். தாமரை போட்ட பழைய 20 பைசா பித்தளைக் காசைப் புதைத்துப் பார்த்தேன். 4 அங்குலத்துக்குக் கீழே போனால் மூச்சே இல்லை. (இப்போதைய ஒரு ரூபாயை வைத்துச் சோதிக்காதீர்கள். அது எஃகு, ஆணி மாதிரியே கத்தும்.) உயர்மின் கம்பிக்கு அடியிலும், கிணற்று மோட்டார் ஓடும்போதும் சும்மாவே புலம்புகிறது. கோடை மழை பெய்த மறுநாள் பரவாயில்லை, கொத்தாவது மண்ணில் இறங்குகிறது.

இரண்டு மாதத்தில் கிடைத்த ஒரே காசு 1944-ம் வருட ஓட்டைக் காலணா. ஆத்தா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “உங்கப்பனுக்கு அரணாக்கயித்துல இதையத்தான் கோத்துக் கட்டியுட்டிருந்தேன்” என்றது.

மச்சான் ஒருத்தர், “கொடுமணலுக்குப் போலாம் வாங்க மாப்ள” என்றார். அது தொல்லியல் அகழாய்வு நடந்த இடம், மெஷினோடு அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டேன். சொந்தக் காட்டில் புதையல் கிடைத்தாலும், 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ம் வருடச் சட்டம்.

இப்போது மெஷின் அப்பாவிடம். கடலைக்காட்டில் உழவுக்கு முன்னால் டிராக்டர் டயரைக் குத்தும் ஆணிகளைப் பொறுக்குகிறார். அந்த வேலைக்கு நாலு ஸ்டார், காசு தேட ஒன்றரை.