விஏ காண்ட்ராக்ட் வாங்கித் தருகிறேன் என்று போன் வந்தால் இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

அமெரிக்காவில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்துக்கொண்டு விஏவுக்கு, அதாவது முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளுக்கு, வேலை செய்து கொடுக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் 5,099 டாலர் கொடுத்து ஏமாந்தோம். பணத்தைவிட, என் பார்ட்னரைப் பொய்யான ஆவணத்தில் கையெழுத்துப் போட வைக்க இருந்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது வீல்சேர் வேன் சர்வீஸ். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டில் ஏற்றி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது. ஆறு வேன், ஒன்பது டிரைவர். பார்ட்னர் 11 வருடம் ராணுவத்தில் இருந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு வந்தவர், கம்பெனியில் 51 சதவீதம் அவருடையது. அதனால் ஊனமுற்ற முன்னாள் படைவீரர் நிறுவனம் என்ற சான்றிதழுக்குத் தகுதி உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அதைத் தருவது எஸ்பிஏ என்ற அரசின் சிறுதொழில் அமைப்பு, கட்டணம் கிடையாது, அவரே உட்கார்ந்து விண்ணப்பித்து வாங்கிவிட்டார். ஏமாந்தது அதற்கடுத்த படியில்.

அரசு காண்ட்ராக்டுக்குப் பதிவு செய்கிற சாம்.கவ் தளத்தில் பதிவு செய்யத் தொடங்கிய வாரமே போன். "உங்கள் பதிவு பாதியில் நிற்கிறது, முடிக்காவிட்டால் எந்த டெண்டரிலும் கலந்துகொள்ள முடியாது." குரலைக் கேட்டால் ஏதோ அரசு அலுவலகத்திலிருந்து பேசுகிற மாதிரியே இருந்தது. 599 டாலர் கிரெடிட் கார்டில் கொடுத்தேன், நான்தான். அந்தப் பதிவு முழுக்க இலவசம். வருடா வருடம் புதுப்பிப்பதும் இலவசம். பதிவு விவரங்களில் ஒரு பகுதி பொதுவில் தெரியும் என்பதால் புதிதாக வருகிறவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது.

அந்த ஆளே ஒரு மாதம் கழித்து ஒரு விஏ டெண்டருக்கு ப்ரொபோசல் எழுதித் தருகிறேன் என்று வந்தார், 4,500 டாலர். விஏவில் படைவீரர் கம்பெனிகளுக்குத்தான் கொடுத்தாக வேண்டும், 2016இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, உங்களுக்குக் கிடைத்த மாதிரிதான் என்றார். பாதி உண்மை. அந்தத் தீர்ப்பு வந்தது நிஜம். ஆனால் அதன்படி, நியாயமான விலையில் இரண்டு படைவீரர் கம்பெனிகளாவது போட்டியிடும் என்று அதிகாரி எதிர்பார்த்தால் போட்டியை அவர்களுக்குள் மட்டும் வைக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற எல்லோரும் படைவீரர் கம்பெனிதான், அப்புறம் நமக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கெடு. புதன் ராத்திரி 10 மணிக்கு டிராஃப்ட் வந்தது. அதுவரை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருந்தார், அதுவும் 20 நிமிடம். எத்தனை வேன், சக்கர நாற்காலியை நான்கு முனையிலும் எப்படிக் கட்டுகிறோம், ஒரு வேன் பழுதானால் மாற்று வண்டி எத்தனை நிமிடத்தில் வரும், எதுவுமே கேட்கவில்லை. டெண்டரில் மதிப்பெண் இருந்ததே இவற்றுக்குத்தான்.

திறந்தால் மூன்றாம் பக்கத்தில் வேறு ஒரு கம்பெனியின் பெயர். எழுதியவர் மாற்ற மறந்துவிட்டார். சரி, அதைத் திருத்திக்கொள்ளலாம் என்று கீழே போனால், முன் அனுபவம் என்ற இடத்தில் நாங்கள் கால் வைக்காத ஒரு மாநிலத்தில் மூன்று வருடம் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்கியதாக இருந்தது! கேட்டதற்கு, "எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள், யாரும் போன் பண்ணிப் பார்க்க மாட்டார்கள்" என்றார். ப்ரொபோசலோடு போகும் 1449 படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது இவரா? என் பார்ட்னர். மத்திய அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது அங்கே கிரிமினல் குற்றம்.

அன்றிரவு இரண்டு பேரும் தூங்கவில்லை. பொய்யை எல்லாம் வெட்டி எடுத்தோம், எங்கள் சொந்த வேலையை எங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதினோம். வேலையில் 70 சதவீதத்தை அவருக்குத் தெரிந்த ஒரு பெரிய டாக்சி கம்பெனிக்குத் தருவதாக ஒரு பத்தி இருந்தது, அதுவும் போனது. இந்த மாதிரி சேவை காண்ட்ராக்டில் அரசு தருகிற பணத்தில் பாதிக்கு மேல் நம்மைப் போன்ற படைவீரர் கம்பெனி அல்லாதவருக்குப் போகக் கூடாது. விலைப் பட்டியலைத்தான் கவனிக்கவில்லை. முதல் வருடமும் அதற்குப் பின் அரசு விரும்பினால் நீட்டிக்கிற நான்கு ஆப்ஷன் வருடங்களும் சேர்த்து ஐந்துக்கும் ஒரே விலை போட்டிருந்தார். டெண்டரோடு இணைத்திருந்த கூலிப் பட்டியலை அவர் திறந்தே பார்க்கவில்லை. அதில் உள்ள மணிக்கூலியும் சலுகைத் தொகையும் டிரைவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு டிரிப்பிலும் கைநஷ்டம். ஜெயித்திருந்தால் கதை இன்னும் மோசம்.

எப்படியோ நேரத்துக்கு அனுப்பினோம், தோற்றோம். காரணத்தை எழுதிக் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில்: துணை ஒப்பந்த வரம்பை (மேலே சொன்ன அந்தப் பாதிக் கணக்கு) கடைப்பிடிப்போம் என்கிற சான்றுப் படிவம் இணைக்கப்படவில்லை, அதனால் பரிசீலனைக்குத் தகுதியில்லை. அந்த இரவில் எழுதியதை யாரும் படிக்கவே இல்லை. விஏவில் அந்தப் படிவம் ஆஃபரோடு கூடவே போக வேண்டும், பிறகு தருகிறேன் என்பது நடக்காது. நூற்றுக்கணக்கான விஏ டெண்டர் பார்த்தேன் என்றவருக்கு இது தெரியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ஒப்பந்தத்தில் "ஆவணத் தயாரிப்புச் சேவை" என்றுதான் இருக்கிறதாம், ஆவணம் தயாரித்துக் கொடுத்தாயிற்றாம். கார்டு கம்பெனியிடம் சண்டை போட்டதில் 599 வந்தது. ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்பிய 4,500 போனது போனதுதான்.

இப்போது ஏபெக்ஸ் ஆக்ஸிலரேட்டர் என்ற மையத்தில் உதவி வாங்குகிறோம். முன்பு பிடாக் என்பார்கள், அரசுப் பணத்தில் நடப்பது, எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. அங்கே இருக்கும் அம்மா எங்கள் பழைய ப்ரொபோசலைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, டெண்டரைத் திறந்து "செய்ய வேண்டும்", "இணைக்க வேண்டும்" என்று வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் எக்செலில் ஒரு வரியாகப் போடச் சொன்னார். பக்கத்துக் கட்டத்தில் நம் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற எண். எங்களுக்கு 83 வரி வந்தது, அதில் 31க்குப் பக்க எண்ணே இல்லை. அடுத்த டெண்டரை இதே முறையில் நாங்களே எழுதி அனுப்பியிருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை.

நேற்றுக்கூட ஒரு மெயில். உங்கள் சாம் பதிவு 48 மணி நேரத்தில் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று. அனுப்பிய முகவரி .காம், .கவ் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், பதிவு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.