பைத்தானின் லாகிங் மாட்யூல்: பிரிண்ட்டை எப்போது கைவிடலாம்?

பைத்தான் நிரலாக்க மொழியுடனேயே வரும் லாகிங் மாட்யூல், அதாவது நிரல் ஓடும்போது நடப்பவற்றைப் பதிந்துவைக்கும் தொகுதி, 2003-ஆம் ஆண்டு வெளியான 2.3 பதிப்பில் சேர்க்கப்பட்டது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்றாலும், பிழை தேடும்போது பலருடைய கை இன்றும் திரையில் எழுதிக் காட்டும் பிரிண்ட்டுக்கே போகிறது. ஒருமுறை ஓட்டிவிட்டு மறந்துவிடும் சிறிய ஸ்கிரிப்டுக்கு அதுவே போதும். அங்கே லாகரை (மாட்யூலில் பதிவுகளைப் பெறும் பொருளை) அமைப்பது வீண் வேலை.

யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிராத சர்வரில் இரவு முழுவதும் ஓடும் நிரலுக்குத்தான் இந்த மாட்யூல் தேவைப்படுகிறது. பிரிண்ட்டின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால், அது வரிக்கு வரி எழுதப்படாமல் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கிய பிறகே கோப்பைச் சேரும் என்பதால், இயங்குதளம் நிரலைத் திடீரென நிறுத்தும் வேளையில் நமக்கு மிகவும் வேண்டிய கடைசி வரிகளே காணாமல் போய்விடுகின்றன. லாகரின் பதிவுகளைக் கோப்பில் எழுதும் ஃபைல் ஹேண்ட்லரோ ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் கோப்புக்கு அனுப்பிவிடுகிறது. பிழையைக் கையாளும் எக்செப்ட் பகுதிக்குள் லாகரின் எக்செப்ஷன் மெத்தடை அழைத்தால் பிழை எந்த வரிகள் வழியாக வந்தது என்று காட்டும் முழு ட்ரேஸ்பேக்கும் பதிவாகிவிடும்.

நான் பெரிதும் மதிப்பது பதிவின் தீவிரத்தைக் குறிக்கும் இதன் நிலைகளை. டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிகல் 50 என்று அவை அடுக்கப்பட்டுள்ளன. லாகர்களின் பெயர்களும் புள்ளியிட்டுப் பிரிக்கப்பட்ட படிநிலையில் அமைகின்றன. அதனால் வழக்கமான நாட்களில் வார்னிங்கும் அதற்கு மேற்பட்டவையும் மட்டும் பதியுமாறு வைத்துவிட்டு, சிக்கல் எழும்போது, பணம் செலுத்தும் பகுதியின் லாகரை மட்டும் டீபக்குக்கு இறக்கிவிடலாம். பிரிண்ட்டில் இதற்கு உள்ள வழி, வரிகளை ஓடாதபடி கமெண்ட் ஆக்குவதும் மீண்டும் எடுப்பதும்தான்.

ஆனால் முதல் அறிமுகத்திலேயே இந்த மாட்யூல் புதியவரை விரட்டிவிடுகிறது. இயல்பு நிலை வார்னிங் என்பதால், இன்ஃபோவில் எழுதிய முதல் வரி திரையில் தோன்றுவதே இல்லை, பிழைச்செய்தியும் வருவதில்லை. அடிப்படை அமைப்பைச் செய்யும் பேசிக்கான்ஃபிக்கை இரண்டாம் முறை அழைத்தால் அது சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படுகிறது. இதை மீற உதவும் ஃபோர்ஸ் என்ற தேர்வு 3.8 பதிப்பில்தான் வந்தது. படிநிலையின் உச்சியிலுள்ள ரூட் லாகரிலும் அதன் கீழுள்ள லாகரிலும் ஹேண்ட்லரைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு வரியும் இரண்டு முறை பதியும். மெத்தட் பெயர்கள் பைத்தான் மரபை விட்டு ஜாவாவின் சாயலில் இருப்பதும் எனக்கு உறுத்துகிறது, அது பழகிவிடும் என்றாலும்.

கோப்பு நிரம்பியதும் புதிய கோப்புக்கு மாறும் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரைப் பயன்படுத்துவோர், அதிகபட்ச அளவு, பழைய கோப்புகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் தாமே குறிப்பிட வேண்டும். இரண்டும் இயல்பாக 0 என்றிருப்பதால், விட்டுவிட்டால் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பல த்ரெட்கள் ஒரே கோப்பில் எழுதலாம், ஆனால் தனித்தனியாக ஓடும் பல ப்ராசஸ்கள் எழுதுவதற்கு இதில் பாதுகாப்பு இல்லை. அத்தகைய சர்வரில் பதிவுகளை வரிசையில் சேர்க்கும் கியூ ஹேண்ட்லர் வழியாகப் பதிவுகளை ஒரே ப்ராசஸுக்கு அனுப்பி, அதை மட்டும் கோப்பில் எழுதச் செய்வதே சரியான ஏற்பாடு.