கொலை நடக்கட்டும், டீ ஆறக்கூடாது

ரத்தம் தெறிக்காது, ஊர் சின்னது, துப்பறிகிறவர் பெரும்பாலும் போலீஸ்காரர் இல்லை, கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். கோஸி மிஸ்டரி என்றால் இதுதான், நான் இதில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற ஆள். கொலையாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துபோனாலும் எனக்குக் கவலையில்லை, அடுத்த புத்தகத்தை எடுக்க வைப்பது அந்த ஊரும் ஆட்களும்தான். அதனால் ஒரு தொடரில் நான் முதலில் பார்ப்பது, அந்த ஆட்களுக்கு வயசு ஆகிறதா என்பதை.

அந்த வகையில் இப்போதைக்கு முதலிடம் ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' தொடருக்கு. முதல் புத்தகம் 2020இல் வந்தது. டிவி பிரபலம் எழுதியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசதியான ஒரு முதியோர் குடியிருப்பு, அங்கே எழுபதைத் தாண்டிய நாலு பேர் வியாழன்தோறும் கூடி, துப்புத் துலங்காத பழைய போலீஸ் கோப்புகளைப் புரட்டுகிறார்கள். யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று அந்த அறையை 'ஜப்பானிய ஓபரா: ஒரு கலந்துரையாடல்' என்ற பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேயே நான் விழுந்துவிட்டேன். ஓய்வுபெற்ற நர்ஸ் ஜாய்ஸ் எழுதும் டைரிதான் புத்தகத்தின் உயிர். கொலையைப் பற்றி ஆரம்பிப்பார், கேக்குக்குப் போவார், மகள் மேல் ஒரு சின்ன வருத்தம், அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி கொலைக்கு வருவார். முன்னாள் உளவாளி எலிசபெத்தின் கணவர் ஸ்டீபனுக்கு மறதி நோய், ஆனால் செஸ் பலகை முன்னால் உட்கார்ந்தால் காய்கள் சரியாக நகர்கின்றன, எதிரே விளையாடும் கட்டட வேலைக்காரர் போக்டானும் எதையும் காட்டிக்கொள்வதில்லை. புத்தகத்துக்குப் புத்தகம் இந்த நோய் முற்றிக்கொண்டே போகிறது. நாலாவது புத்தகம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று சொல்லமாட்டேன், பஸ்ஸில் வைத்துப் படிக்காதீர்கள், அவ்வளவுதான்.

குறையும் உண்டு. இரண்டாவது புத்தகத்திலிருந்து வைரம், உளவுத்துறை, போதைக் கும்பல் என்று கூட்டம் சேர்ந்துகொண்டே போகிறது, எலிசபெத் எங்கே மாட்டிக்கொண்டாலும் பழைய தோழர் ஒருவருக்கு போன் போட்டால் கதவு திறந்துவிடும். எத்தனை தோழர்கள்தான் இருப்பார்கள் ஒரு மனுஷிக்கு!

எம்.சி. பீட்டனின் அகதா ரெய்சின் நேர் எதிர். லண்டனில் மக்கள் தொடர்பு வேலை பார்த்துக் களைத்துப்போய் கிராமத்துக்கு வரும் அகதா, ஊர்ப் போட்டியில் ஜெயிக்க கடையில் வாங்கிய கீஷை, அதாவது முட்டையும் சீஸும் சேர்த்துச் சுட்ட பையை, தான் செய்ததாகக் கொண்டுவந்து வைக்கிறாள், அதைச் சாப்பிட்ட நடுவர் செத்துப்போகிறார். 1992இல் வந்த அந்த முதல் புத்தகம் அருமை. அகதா பொய் சொல்வாள், கத்துவாள், பக்கத்து வீட்டுக்காரருக்காக ஏங்குவாள், எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் எத்தனை பிணம் விழுந்தாலும் அவள் அதே ஐம்பதுகளில் அதே ஏக்கத்தோடு நிற்கிறாள். பீட்டன் 2019இல் இறந்த பிறகும் வேறொருவர் கையில் தொடர் ஓடுகிறது. முதல் நாலைந்து போதும்.

ஜோஆன் ஃப்ளூக்கின் பிஸ்கட் கடை நாயகி ஹன்னா ஸ்வென்சன் எனக்கு ஆகவில்லை. துப்பு கிடைத்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அடுத்த பக்கம் வெண்ணெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று சமையல் குறிப்பு. பல் டாக்டரா போலீஸ்காரரா என்ற அவளுடைய குழப்பம் வேறு புத்தகம் புத்தகமாக இழுக்கிறது.

அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் 'நம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி' (1998) கோஸி மிஸ்டரியே இல்லை, அதில் கொலையே அபூர்வம் என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். போட்ஸ்வானாவில், அப்பா விட்டுப்போன மாடுகளை விற்று ஏஜென்சி தொடங்குகிறார் மா ராமோட்ஸ்வே. காணாமல்போன ஒரு கணவரைத் தேடப்போய், முதலையைச் சுட்டு, அதன் வயிற்றுக்குள்ளிருந்து அவருடைய கைக்கடிகாரத்தை எடுக்கிறார். செயலாளர் மா மகுட்சி, கல்லூரித் தேர்வில் தான் வாங்கிய 97 சதவீதத்தை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். கதை நிதானமாக நகரும், அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது.

எல்லோருக்கும் பாட்டியான, அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளிடம் நான் சொல்கிற வயசு நன்றாகவே தெரியும். 1930இல் முதல் நாவலிலேயே கிழவிதான், ஆனால் 1962இல் வந்த 'தி மிரர் கிராக்ட்' நாவலில் ஊருக்குள் புதுக் குடியிருப்பு வந்துவிட்டது, தோட்ட வேலை செய்யக்கூடாதென்று டாக்டர் தடுத்திருக்கிறார், குழந்தையிடம் பேசுவதுபோல் பேசும் ஒரு துணைக்கார அம்மா வேறு வீட்டிலேயே இருக்கிறார். அந்த அம்மாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு நைசாக வெளியே கிளம்புகிற காட்சிக்காகவே படிக்கலாம்.

ஆஸ்மனின் முதல் புத்தகத்தை 2025இல் நெட்ஃபிளிக்ஸ் படமாகவும் எடுத்திருக்கிறார்கள். ஹெலன் மிர்ரன், பென் கிங்ஸ்லி எல்லாம் இருந்தும் ஜாய்ஸின் டைரிக் குரல் இல்லாமல் சப்பென்று இருக்கிறது, போக்டான் விஷயத்தையும் மாற்றிவிட்டார்கள். புத்தகத்தை முடித்துவிட்டு வேண்டுமானால் பாருங்கள்.